டயாலிசிஸில் இருப்பவருக்கு அரிப்பா? மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

அப்பா ஐந்து வருடம் டயாலிசிஸில் இருந்தார். அதில் நாலு வருடம் அரிப்போடு. எங்கள் வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கிற கதவு நிலையில், அவர் முதுகு உயரத்துக்கு, வார்னிஷ் தேய்ந்து மரம் வெளுத்துப்போயிருக்கிறது. இரவு ஒரு மணிக்கு எழுந்து வந்து அதில்தான் முதுகைத் தேய்ப்பார். நாங்களும் எல்லோரும் செய்வதைத்தான் முதலில் செய்தோம். அவில் என்கிற அலர்ஜி மாத்திரையை வாங்கிக் கொடுத்தோம். தூக்கம் வந்தது. தூக்கத்திலேயே சொறிந்தார்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு ஓரளவாவது தொந்தரவு தரும் அரிப்பு இருக்கிறது என்று பல நாடுகளில் எடுத்த கணக்குகள் சொல்கின்றன. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே அரிப்பு இல்லை. ஏழெட்டுக் காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அதனால் மெடிக்கல் ஷாப்புக்குப் போவதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எப்போது அரிக்கிறது? எங்கே அரிக்கிறது? சொறிவதற்கு முன்பே தோலில் ஏதாவது இருந்ததா?

மூன்றாவதுதான் சிரமம். நாலு நாள் சொறிந்த பிறகு எந்தத் தோலும் நோய் வந்த தோல் மாதிரிதான் தெரியும். இதற்குத் தோல் மருத்துவர்கள் பார்க்கிற எளிய அடையாளம் ஒன்று உண்டு. முதுகின் நடுவே, இரண்டு கையும் எட்டாத இடத்தைப் பாருங்கள். கை எட்டும் இடமெல்லாம் கீறலும் கறுப்புமாக இருந்து, எட்டாத அந்த நடுப்பகுதி மட்டும் பட்டாம்பூச்சி வடிவில் சுத்தமாக இருந்தால், அரிப்பு உள்ளேயிருந்து வருகிறது, தோலில் இருப்பது வெறும் நகக்கீறல். எட்டாத இடத்திலும் தடிப்போ கொப்புளமோ இருந்தால் தோலிலேயே ஏதோ இருக்கிறது. (அப்பா விஷயத்தில் இந்தச் சோதனை பலிக்கவில்லை. கை எட்டாத இடத்தைக் கதவு நிலை எட்டிவிட்டது.)

நான் மருத்துவர் இல்லை. கீழே வரும் மருந்தும் அளவும் உங்கள் நெஃப்ரோ (சிறுநீரக) டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்வதற்குத்தான். நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு இல்லை.

முதலில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதவை

அரிப்போடு உதடு, முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது. பிஸ்டுலா கை (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த கை) சிவந்து, சூடாகி, சீழ் கட்டுவது. அல்லது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். தொடையிலோ வயிற்றிலோ தோல் ஊதா நிறத்தில் வலைப்பின்னல் மாதிரி மாறி, கல் போலக் கெட்டியாகி, தொட்டாலே உயிர் போகிற வலி. இது சின்ன ரத்தக்குழாய்களில் கால்சியம் படிவதால் வருவது. அபூர்வம்தான், ஆனால் ஆபத்து. கண் மஞ்சளாகி அரிப்பு எடுப்பதும் இந்தக் கூட்டத்தில் சேரும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, சி என்கிற கல்லீரல் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இவற்றில் எது இருந்தாலும் அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

“மெஷினில் போட்ட கொஞ்ச நேரத்தில் அரிக்கிறது”

நேரத்தைக் குறியுங்கள். ரத்தம் மெஷினில் ஓட ஆரம்பித்த அரை மணி நேரத்துக்குள், பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே, உடம்பெல்லாம் அரிப்பு, சூடு, தடிப்பு, நெஞ்சு இறுக்கம் என்று வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும். “சிஸ்டர் பிஸியா இருக்காங்க, அப்புறம் சொல்லிக்கலாம்” என்று அப்பா ஒருமுறை இருபது நிமிடம் பொறுத்துக்கொண்டார். அன்று லேசான தடிப்போடு போனது எங்கள் அதிர்ஷ்டம். கடுமையான ஒவ்வாமை என்றால் டயாலிசிஸை நிறுத்திவிடுவார்கள், குழாயில் இருக்கும் ரத்தத்தைத் திரும்ப உடம்புக்குள் விடவும் மாட்டார்கள். கொஞ்சம் ரத்தம் வீணாகிறதே என்று அப்போது வாதாடாதீர்கள்.

எதனால் வருகிறது? டயலைசரின், அதாவது ரத்தத்தை வடிகட்டும் குழலின், இழையாக இருக்கலாம். புது டயலைசரைக் கிருமி நீக்கப் பயன்படுத்திய எத்திலீன் ஆக்சைடு வாயுவின் மிச்சமாக இருக்கலாம். நீராவியிலோ கதிர்வீச்சிலோ கிருமி நீக்கிய டயலைசர்களும் உண்டு, அதற்கு மாற்றிப் பார்ப்பார்கள். நம் ஊரில் பல இடங்களில் ஒரே டயலைசரைக் கழுவி, அதே நோயாளிக்குப் பலமுறை பயன்படுத்துகிறார்கள். அப்படிக் கழுவும் ரசாயனம் முழுதாகப் போகாமல் இருந்தாலும் எரிச்சலும் அரிப்பும் வரும். மெஷினில் போடுவதற்கு முன் சோதனைத் தாளை நனைத்து மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது நடைமுறை. “தம்பி, இன்னிக்கு ஸ்ட்ரிப் பாத்தீங்களா?” என்று சிரித்த முகத்தோடு கேட்பதில் தப்பில்லை. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பரின், ஊசியில் போடும் இரும்புச்சத்து ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. இரும்புச்சத்து போட்ட நாளில் மட்டும் வந்தால் அதை நோட்டில் தனியாக எழுதுங்கள். எந்த நாளில் எந்த டயலைசர், எத்தனையாவது தடவை, என்ன ஊசி என்று நாலு வாரம் எழுதினால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

“ஊசி குத்தும் கையில் மட்டும், அதுவும் டேப் ஒட்டின இடத்தில்”

இது சுலபமானது. சிவப்பு, டேப்பின் வடிவத்திலேயே கட்டம் கட்டினாற்போல இருந்தால் குற்றவாளி டேப்தான். காகித டேப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். பிய்க்கும்போது சடாரென்று இழுக்காமல், ஒரு விரலால் தோலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக உரிக்க வேண்டும். சிவப்பு டேப்பைத் தாண்டி, மருந்து தடவித் துடைத்த இடமெல்லாம் பரவியிருந்தால் போவிடோன் அயோடினோ குளோர்ஹெக்சிடினோ ஒத்துக்கொள்ளவில்லை. குளோர்ஹெக்சிடின் ஒவ்வாமையை அலட்சியப்படுத்த வேண்டாம். அபூர்வமாக அது உடம்பு முழுவதும் பாயும். ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பிஸ்டுலா கையில் நகம் படக்கூடாது. நம் எல்லோர் தோலிலும், நகத்திலும் இருக்கிற கிருமிக்கு ரத்தத்துக்குள் போக அதைவிட நேரான வழி கிடையாது. ஊசி போட்ட இடத்துப் பொருக்கைப் பிய்க்கவும் கூடாது. டயாலிசிஸ் நாளில் அந்தக் கையில் எண்ணெயோ கிரீமோ தடவாமல் வந்து, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே ஊசி. கிரீமெல்லாம் அன்று இரவு தடவிக்கொள்ளலாம். கழுத்தில் குழாய் வைத்திருப்பவர்களுக்குக் கட்டுக்குள்ளே அரித்தால், பேனாவையோ ஈர்க்குச்சியையோ உள்ளே விட்டுச் சொறிவது வேண்டாம். கட்டை வீட்டில் பிரிக்காமல், அங்கே போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

“தோல் சாம்பல் பூத்து, கோடு போட்டால் வெள்ளையாக விழுகிறது”

கெண்டைக்காலில் நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு. காலையில் போர்வையை உதறினால் தவிட்டுப்பொடி மாதிரி செதில். இது வெறும் வறட்சி. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் சுருங்கிவிடுகின்றன. அக்னி நட்சத்திர வெயிலில் நமக்கெல்லாம் சட்டை நனையும்போது அப்பாவின் கை காய்ந்த பனையோலை மாதிரி இருக்கும். வறட்சி மட்டுமே முழு அரிப்புக்கும் காரணமாக இல்லாவிட்டாலும், மற்ற எந்தக் காரணத்தையும் அது இரண்டு மடங்காக்கும். அதனால் யாராக இருந்தாலும் இதிலிருந்து ஆரம்பிக்கலாம். செலவும் குறைவு.

குளியலில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. கொதிக்கிற வெந்நீர் ஊற்றும்போது அரிப்பு அடங்குகிற மாதிரி சுகமாக இருக்கும். அரை மணி நேரம் கழித்து வட்டியோடு திரும்பி வரும். கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு வெதுவெதுப்பு போதும். பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். சோப்பு அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம், பிஸ்டுலா கை ஆகிய இடங்களுக்கு மட்டும். முதுகும் காலும் அழுக்காக ஒன்றும் வயலில் புரளவில்லை, தண்ணீர் போதும். பீர்க்கங்கூடு ஓய்வெடுக்கட்டும். பாசிப்பயறு மாவு, கடலை மாவு “இயற்கையானது” என்றாலும் இருக்கிற எண்ணெயையும் உறிஞ்சி எடுத்துவிடும். குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி திரவத்தை ஒரு மூடி ஊற்றுகிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அரிப்பு என்றால் கிருமி என்று அம்மாவுக்கு ஒரு முடிவு. அதை நிறுத்திய வாரமே காலில் எரிச்சல் குறைந்தது.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உடம்பில் ஈரப்பசை இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், பூச வேண்டியதைப் பூசிவிடுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகு பூசுவது, பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் தெளிப்பது மாதிரி.

எதைப் பூசுவது? வாசனை இல்லாத எதுவும். வெள்ளை பாரஃபின் ஜெல்லி, லிக்விட் பாரஃபின் கலந்த கிரீம், கிளிசரின் கலந்த கிரீம், நல்ல தேங்காய் எண்ணெய். விலையைவிட அளவு முக்கியம். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவை உடம்பு முழுக்கப் பூச ஏறக்குறைய 30 கிராம் பிடிக்கும். வாரத்துக்குக் கால் கிலோவாவது செலவானால்தான் சரியாகப் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். 50 கிராம் டியூபை ஒரு மாதம் ஓட்டிவிட்டு “கிரீம் எல்லாம் போட்டுப் பாத்தாச்சு, கேக்கல” என்பவர்களை டயாலிசிஸ் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். யூரியா கலந்த கிரீம் தடித்த பாதத்துக்கு நல்லது, ஆனால் கீறல் இருக்கிற தோலில் சுரீர் என்று எரியும். காலமைன் லோஷன் நீர் கோத்த கொப்புளத்துக்கு. வறண்ட தோலை இன்னும் காயவைக்கும். பவுடரும் அப்படியே. இன்னொன்று, பாரஃபின் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். பூசிக்கொண்டு அடுப்பு, பூஜை விளக்குப் பக்கம் போகும்போது கவனம், பீடி பிடிப்பவர்கள் இன்னும் கவனம்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் கூடாதா என்று கேட்பார்கள். கூடும். ஆனால் தேய்த்த எண்ணெயைச் சீயக்காய் போட்டுச் சுரண்டி எடுத்தால் என்ன லாபம்? தலைக்கு மட்டும் சீயக்காய் போட்டு, உடம்பில் தண்ணீர் ஊற்றி ஒற்றிவிடுங்கள். டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று பிரஷர் இறங்கியிருக்கும், எண்ணெய்த் தரையில் வழுக்கி விழ அது தோதான நாள். அன்று வேண்டாம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. தோல் காய்ந்திருப்பதைப் பார்த்ததும் வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “உடம்புச் சூடுப்பா, தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லு, எளநி வாங்கிக் குடு.” சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது அன்பு. டயாலிசிஸில் இருப்பவருக்கு விபரீதம். கூடுதலாகக் குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் காலிலும் நுரையீரலிலும் போய் நிற்கும். ஒரு டம்ளர் இளநீரில் ஏறக்குறைய 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே நிற்கலாம். என் சித்தப்பா ஒருமுறை நாலு இளநீரைச் சீவிக்கொண்டு வந்து நின்றார். அவர் மனம் நோகாமல் அதை நாங்கள் குடித்தோம். தோலுக்கு ஈரம் வெளியே இருந்துதான் தர வேண்டும். டாக்டர் சொன்ன தண்ணீர்க் கணக்கு மாறக்கூடாது.

“தோலில் ஒன்றுமே இல்லை, ஆனால் ராத்திரியானால் உடம்பெல்லாம்”

இதுதான் டயாலிசிஸுக்கே உரிய அரிப்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். முதுகில் அதிகம், கை, வயிறு, தலையிலும் உண்டு. பகலில் பேச்சு, டிவி என்று மறந்திருப்பார், படுத்ததும் ஆரம்பிக்கும். தோலைப் பார்த்தால் கீறலைத் தவிர ஒன்றும் இருக்காது. “மனசுதான் காரணம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோலில் இருக்கும் மெல்லிய நரம்புகளும், உடம்பே சுரக்கிற ஓபியாய்டுகள் என்கிற வலியடக்கும் பொருள்களின் சமநிலையும், உள்ளே ஓயாமல் கனன்றுகொண்டிருக்கிற அழற்சியும் சேர்ந்து செய்கிற வேலை இது. ஒவ்வாமையில் சுரக்கிற ஹிஸ்டமின் இதில் முக்கியப் பாத்திரம் இல்லை. அதனால்தான் அவிலும் செட்ரிசினும் தூக்கத்தைத் தருகின்றன, அரிப்பை நிறுத்துவதில்லை. செட்ரிசினும் சிறுநீரகம் வழியே போக வேண்டிய மருந்துதான். வழக்கமான அளவு இவர்களுக்கு அதிகம்.

இதற்கு வரிசையாகப் பார்க்க வேண்டியவை சில.

முதலில் டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா? ரிப்போர்ட்டில் கேடி/வி என்று ஒரு எண் இருக்கும். வாரம் மூன்று தடவை செய்பவருக்கு ஒவ்வொரு தடவையும் அது 1.2-க்குக் கீழே போகக் கூடாது. யூஆர்ஆர் என்று போட்டிருந்தால் 65 சதவீதம். குறைந்தால் ஏன் என்று கேளுங்கள். பஸ்ஸைப் பிடிக்க நாலு மணி நேரத்தை மூன்றரையில் முடித்துக்கொண்டு கிளம்புகிறாரா? பிஸ்டுலா சுருங்கி ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா? பலமுறை கழுவிய டயலைசரில் இழைகள் அடைத்துக்கொண்டனவா? காசு, தூரம், வேலை என்று ஆயிரம் காரணத்தால் வாரம் இரண்டே தடவை செய்பவர்கள் நம் ஊரில் மிக அதிகம். அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் கிடைக்கிறது. மூன்றாவது நாளுக்கு அங்கே வழி உண்டா என்று விசாரிப்பது எந்தக் கிரீமையும்விட முக்கியம்.

அடுத்தது பாஸ்பரஸ். ரத்தத்தில் அது ஏறினால் அரிப்பும் ஏறலாம். அப்பாவுக்கு அது எப்போதும் 7-க்கு மேல், 5.5-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். மாத்திரை தவறாமல் போடுகிறார், எண் இறங்கவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. ஒருநாள் டெக்னீஷியன் பெண், ஊசியை ஒட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டது:

“ஐயா, பாஸ்பரஸ் மாத்திரைய எப்பப் போடுறீங்க?”

“காலையில பல்லு தேச்சதும் எல்லா மாத்திரையையும் ஒண்ணாப் போட்ருவேம்மா. வேலை முடிஞ்சுரும்.”

“அது சாப்பாட்டுல இருக்குற பாஸ்பரஸைப் புடிச்சு வெளிய தள்ளுற மாத்திரை ஐயா. வெறும் வயித்துல போட்டா அது யாரைப் புடிக்கும்?”

ஒரு வருடம் அந்த மாத்திரை காலி வயிற்றுக்குக் காவல் இருந்திருக்கிறது. செவலமர், கால்சியம் அசிடேட் என்கிற பாஸ்பரஸ் மாத்திரைகள் இரண்டையும் சாப்பாட்டோடு, முதல் இரண்டு வாய்க்குள் விழுங்க வேண்டும். லாந்தனம் என்றால் மென்று தின்ன வேண்டும். முழுதாக விழுங்கினால் பயன் குறைவு. பெரிய சாப்பாட்டுக்குத்தான் அதிக மாத்திரை. மூன்று வேளைக்குச் சமமாகப் பிரிக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இவற்றிலிருந்து நாலு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும்.

மாத்திரை மட்டும் போதாது. ஒரு நாலு மணி நேர டயாலிசிஸ் சுமார் 800 மில்லிகிராம் பாஸ்பரஸை எடுக்கும். நாம் ஒரே நாளில் சாப்பிடுவது அதே அளவு, சிலருக்கு அதற்கு மேலும். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால் எங்கள் வீட்டில் இரண்டு இடத்தில் மாட்டியது. ஒன்று, “தெம்புக்கு” என்று அம்மா காலையும் மாலையும் பாலில் கலந்து கொடுத்த சத்துமாவு. கேழ்வரகு, நிலக்கடலை, பாதாம், பொட்டுக்கடலை, எல்லாமே பாஸ்பரஸ், அதோடு பாலும். இன்னொன்று நெத்திலிக் கருவாடு. கடைப் பொருள்களில் கறுப்பு நிறக் குளிர்பானம், பாக்கெட் சீஸ், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். பருப்பு, பயறில் இருப்பதில் பாதி அளவுதான் சேரும். அதற்காகப் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்தினால் புரதம் இல்லாமல் ஆள் உருகிவிடுவார். முட்டையின் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையைக் கொடுப்பது நல்ல வழி.

சாப்பாட்டோடு மாத்திரை, சத்துமாவு நிறுத்தம் என்று இரண்டு மாதம் போன பிறகு அப்பாவின் பாஸ்பரஸ் 6-க்குள் வந்தது. அரிப்பு குறைந்தது, போகவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். பாஸ்பரஸும், கால்சியம், பாஸ்பரஸ் அளவைக் கட்டுப்படுத்துகிற பாராதைராய்டு ஹார்மோனும் சரியான பிறகும் அரிப்பு விடாதவர்கள் நிறையப் பேர். “எல்லாம் நார்மல்தானே, அப்புறம் என்ன?” என்று அங்கே பேச்சை முடித்துக்கொள்ள விடாதீர்கள்.

அந்தக் கட்டத்தில் வருவதுதான் கேபாபென்டின். நரம்பு வலிக்குத் தருகிற மருந்து, இந்த அரிப்பைப் பலருக்கு நன்றாகவே அடக்குகிறது. ஆனால் அது உடம்பை விட்டு வெளியேற ஒரே வழி சிறுநீரகம். அது இல்லாதவருக்கு டயாலிசிஸ்தான் வழி. அதனால் வழக்கமாக 100 மில்லிகிராமில், டயாலிசிஸ் முடிந்த பிறகு மட்டும் என்று ஆரம்பிப்பார்கள். பக்கத்து வீட்டுச் சர்க்கரை நோயாளி இதே மாத்திரையை 300 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை போடுவார். அவருடைய அட்டையைக் கடன் வாங்கிப் போட்டால் தள்ளாட்டம், குழறல், கை கால் தூக்கிப்போடுவது, ஒரேயடியாக மயங்கிக் கிடப்பது என்று போய் நிற்கும். எங்களுக்கு முதல் வாரம் நடையில் லேசான தள்ளாட்டம் இருந்தது. பாத்ரூம் விளக்கை இரவெல்லாம் எரியவிட்டோம். இரண்டாவது வாரம் அப்பா விடிய விடியத் தூங்கினார். எழுப்பி மூச்சு இருக்கிறதா என்று பார்த்தது அம்மாவின் வேலை.

அதிலும் கேட்காதவர்களுக்கு ப்ரிகாபலின், செர்ட்ராலின், தோல் மருத்துவரிடம் வாரம் இரண்டு மூன்று தடவை புற ஊதா பி ஒளிச் சிகிச்சை என்று படிகள் உண்டு. இந்த அரிப்புக்கென்றே வந்த மருந்துகளும் உண்டு. ஜப்பானில் 2009 முதல் நால்ஃபுராஃபின் மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் 2021 ஆகஸ்டில் டைஃபெலிகெஃபாலின் அனுமதி பெற்றது. டயாலிசிஸ் முடியும்போது குழாய் வழியாகவே போடுகிற ஊசி. கிடைக்குமா என்று உங்கள் டாக்டரைக் கேட்கலாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி அது நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தால் இந்த வகை அரிப்பு பெரும்பாலும் போய்விடும்.

கேட்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். “அரிக்குது டாக்டர்” என்றால் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. நேற்றிலிருந்து இன்றுவரை மிக மோசமான அரிப்பு எவ்வளவு, 0 என்றால் இல்லை, 10 என்றால் தாங்க முடியாதது என்று தினமும் படுக்கும் முன் ஒரு எண் போடுங்கள். எத்தனை தடவை எழுந்தார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். “மூணு வாரமா 8, ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறாரு” என்றதும் எங்கள் டாக்டர் பேனாவை எடுத்தார்.

“இடுப்பில் வட்டமாக”, “வீட்டில் எல்லோருக்கும்”, “ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு”

டயாலிசிஸில் இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் வருவது இவருக்கும் வரும். அதை மறந்து எல்லாவற்றையும் சிறுநீரகத்தின் தலையில் போடுகிறோம்.

ஓரம் தடித்து, நடு தெளிந்து, வளையம் வளையமாகப் பரவினால் படர்தாமரை. கடையில் “அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்” என்று கேட்டால், பல சமயம் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆண்டிபயாடிக் மூன்றும் கலந்த டியூபைத் தருவார்கள். இரண்டு நாள் அடங்கும், பிறகு முன்பைவிடப் பெரிதாகக் கிளம்பும். ஸ்டீராய்டு இல்லாத தனிப் பூஞ்சை மருந்துதான் வேண்டும்.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு மடிப்பில் சின்னச் சின்னப் பருக்கள், இரவில் தாங்க முடியாத அரிப்பு, பேரப்பிள்ளையும் சொறிகிறான் என்றால் சிரங்கு. பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, இரவு முழுக்க வைத்துக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அரிக்காதவர்கள் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். படுக்கை விரிப்பு, துணி எல்லாம் வெந்நீரில். அரிப்பு முழுதாக அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பெல்ட் போட்டது மாதிரி, எரிச்சலும் வலியுமாக நீர்க்கொப்புளம் வரிசை கட்டினால் அக்கி. அக்கி எழுதுபவரிடம் போய்க் காவியில் எழுதிக்கொண்டு வருவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் முதல் மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போய்விடுங்கள், வைரஸ் மருந்து அதற்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். போகிற டாக்டர் புதியவர் என்றால் “டயாலிசிஸ் பண்றாரு” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை என்பது மற்றவர்களுக்கான கணக்கு. அதையே டயாலிசிஸ்காரருக்குக் கொடுத்தால் புத்தி தடுமாறி, இல்லாததைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்.

“சொறிந்த இடமெல்லாம் முடிச்சு முடிச்சாக”

பல மாதம் சொறிந்த தோல் பழிவாங்கும். கெட்டியான முடிச்சுகள் வரும், அவையே புதிதாக அரிக்கும். சர்க்கரையும் சேர்ந்தவர்களுக்குக் கால், கையில் நடுவே சாமை மணி மாதிரி கெட்டிப் பொருக்கோடு பருக்கள் வருவதுண்டு. அதைக் கிள்ளி எடுக்க எடுக்கப் புதிது வரும். தோல் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம் அது. வீட்டில் செய்யக்கூடியது, நகத்தை வாரம் இரண்டு தடவை ஒட்ட வெட்டி ராவிவிடுவது. இரவில் பருத்தி உடை, மின்விசிறி, லேசான போர்வை. உடம்பு சூடானால் அரிப்பு ஏறும். “சொறியாதே” என்று சொல்வதால் யாரும் சொறியாமல் இருந்ததில்லை. கைக்கு வேறு வேலை கொடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வேட்டித் துண்டை அரிக்கிற இடத்தில் ஐந்து நிமிடம் போட்டு, எடுத்ததும் மேலே கிரீம்.

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மூடி போட்ட டிபன் டப்பாவில் அப்படி நான்கு துண்டுகள் மடித்து வைத்திருப்போம். கதவு நிலைக்குப் போகிற சத்தம் கேட்டால் அம்மா தூக்கத்திலேயே டப்பாவைத் திறந்துவிடுவாள்.